டிஎல்எல் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

புதிதாக ஒரு மென்பொருளை நிறுவித் திறந்தால், எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் என்ற கோப்பைக் காணோம் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். டிஎல்எல் என்பது ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’யின் சுருக்கம். மூன்று சொற்களும் தனித்தனியே நமக்குப் பழகியவைதான். ஆனால் சேர்ந்து வரும்போது என்ன பொருள் என்று கேட்டால், தினமும் அதை வைத்து வேலை செய்கிறவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

கடைசிச் சொல்லிலிருந்து வருவோம். லத்தீனில் ‘லிபெர்’ என்றால் மரத்தின் உட்பட்டை. எழுதப் பயன்பட்ட பட்டையின் பெயரே புத்தகத்துக்கும் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ ஆனது. நம்முடைய ‘நூல்’ பஞ்சோடு சேர்ந்தது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து, நூல் உருவாகும் விதத்தை நன்னூல் பாயிரம் சொல்கிறது.

கணினித் துறையில் இந்தச் சொல் வெறும் உவமையாக நுழையவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அதில் வேலை செய்த மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர் முதலியோர் அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாக்களாகச் செய்து, ஒரு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். அச்சிடுவதற்கான நாடாக்களுக்கு ‘பி’, மடக்கைக்கு ‘எல்’, முக்கோணவியலுக்கு ‘டி’ என்று எழுத்துக் குறியீடும் உண்டு. வேண்டியவர் போய் நாடாவை எடுத்து, அதைத் தன் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திரும்ப இடத்தில் வைத்துவிடுவார். அசல் நூலகம்தான் அது.

அங்கே ஒவ்வொருவரும் படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். டிஎல்எல்லும் இப்படி அடிக்கடி தேவைப்படும் கட்டளைகள் அடங்கிய கோப்புதான்; ஆனால் அது வேறுபடுவது இந்த இடத்தில்தான். அதைப் பயன்படுத்தும் செயலி படி எடுத்து உள்ளே வைத்துக்கொள்வதில்லை. ‘இன்ன வேலைக்கு இன்ன கோப்பு’ என்று பெயரை மட்டும் குறித்துவைத்து, ஓடும்போது போய் இணைந்துகொள்கிறது. 1985இல் வந்த முதல் விண்டோஸ் 256 கேபி (கிலோபைட்) நினைவகத்தில் ஓட வேண்டியிருந்தது. சன்னல் வரையவும் எழுத்துக் காட்டவும் ஒவ்வொரு செயலியும் தனித்தனி நிரலை, அதாவது கட்டளைத் தொகுப்பை, சுமந்து வந்தால் அந்த இடம் போதாது. ஒரு படியை நினைவகத்தில் வைத்து எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள்.

ஆகவே ‘டைனமிக்’ என்பதற்கு இங்கே ‘துடிப்பான’, ‘ஆற்றல்மிக்க’ என்றெல்லாம் போடக்கூடாது. கிரேக்க வேர்ச்சொல்லுக்கு ஆற்றல் என்று பொருள் இருப்பது உண்மை. ஆனால் இங்கே அந்தச் சொல் குறிப்பது நேரத்தை: இணைப்பு எப்போது நடக்கிறது என்பதை. ‘இயங்குநேர இணைப்பு’ என்றால் விஷயம் நேராகப் புரிகிறது.

அடுத்தது ‘ஷேர்டு லைப்ரரி’. டிஎல்எல் மாதிரியான கோப்பை லினக்ஸ் இயங்குதளக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர்களிடம் கோப்பின் பெயர் ‘.எஸ்ஓ’ என்று முடியும். இதைப் ‘பகிர்வு நூலகம்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. பகிர்தல் என்றால் பங்கிடுதல். ‘பகு’ என்பதோடு உறவுள்ள சொல். பகிர்ந்தால் ஆளுக்கொரு பங்கு கிடைக்கும். இங்கே யாருக்கும் பங்கு பிரிவதில்லை. ஊர்க் கிணறு மாதிரி, முழுதாக ஓரிடத்தில் இருக்க, எல்லாரும் வந்து இறைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பொது’ என்ற அருமையான சொல் இருக்கிறது. பொதுவில் இருப்பதை ஒருவர் தன் வசதிக்கு மாற்றினால் மற்றவருக்கும் அது படும் என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே சொல்கிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பில் போட ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று இரண்டு செயலிகள் செய்து கொடுத்தோம். தொகையை எழுத்தால் எழுதும் நிரலை இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஎல்எல்லில் வைத்திருந்தோம். 1,25,000 என்று கொடுத்தால் ‘ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்’ என்று வரும். சம்பளக் காசோலைக்குக் கடைசியில் ‘மட்டும்’ வேண்டும் என்றார்கள், சேர்த்தேன். ஒரு வாடிக்கையாளரிடம் சம்பளச் செயலியின் புதிய பதிப்பை நிறுவிவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவர்களுடைய பில் எல்லாவற்றிலும் ‘மட்டும் மட்டும்’ என்று அச்சாகியிருந்தது. பில் படிவத்தில் அந்தச் சொல் முன்பே இருந்தது. பில் செயலியை யாரும் தொடவே இல்லை, அதன் காலடியில் இருந்த கோப்பு மாறியிருந்தது.

உலகம் முழுக்க இந்தத் தொல்லைக்கு ‘டிஎல்எல் நரகம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000, கணினியின் முக்கியக் கோப்புகளை மற்ற செயலிகள் மாற்றி எழுதாமல் காத்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஒரே கோப்பின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள வழி செய்தது. செயலிகள் தங்கள் கோப்புறையிலேயே ஒரு படியை வைத்துக்கொள்வதும் வழக்கமானது. இதைத் ‘தனிப்படி’ எனலாம். தனிப்படிக்கும் ஒரு விலை உண்டு. 2004 செப்டம்பரில், ஜேபெக் படங்களைக் காட்டும் ஜிடிஐபிளஸ் என்ற டிஎல்எல்லில் பாதுகாப்புக் குறை இருப்பது வெளியானது. விண்டோஸில் இருந்த ஒரு கோப்பைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. பல செயலிகள் தத்தம் படியை வைத்திருந்தன. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்க மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு கருவியே வெளியிட வேண்டியிருந்தது.

சரி, ‘லைப்ரரி’க்கே வருவோம். ‘நூலகம்’ என்று போட்டால் புத்தகம்தான் கண்முன் நிற்கிறது. ‘நிரலகம்’ என்பதே என் தேர்வு. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. இலக்கணத்தில் நிரல்நிறை என்று படித்திருப்போம். கட்டளைகளை வரிசையாக எழுதுவதால் ‘புரோகிராமு’க்கு அது கச்சிதமாகப் பொருந்தி, புழக்கத்துக்கும் வந்துவிட்டது. பதிப்பகம், மருந்தகம், உணவகம் போல ‘அகம்’ சேர்த்தால் நிரலகம். ஷேர்டு லைப்ரரி பொது நிரலகம்; டிஎல்எல் இயங்குநேர இணைப்பு நிரலகம். கடைசியது நீளம்தான். பேச்சில் ‘டிஎல்எல்’ என்றே சொல்லிவிட்டுப் போகலாம், கோப்பின் பெயரே அதுதானே. எழுதும்போது முதல் முறை மட்டும் விரித்துக் காட்டிவிட்டால் போதும்.

தொடக்கத்தில் சொன்ன பெட்டியை நான் இப்படித் தமிழில் எழுதுவேன்: ‘எம்எஸ்விசிஆர்100 என்ற பொது நிரலகம் இந்தக் கணினியில் இல்லாததால் செயலியைத் திறக்க முடியவில்லை. செயலியை மறுபடி நிறுவிப் பாருங்கள்.’