ரோல் பாரின் பலம் அதன் காலில்தான்

கூரை திறந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நண்பர் ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அப்போதுதான் பொருத்தி முடித்த ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் எஃகுக் குழாய் வளைவு), கறுப்புப் பெயின்ட்டில் மின்னிக்கொண்டு நின்றது. நான் நீளமான துடைப்பக் கம்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையை ரோல் பாரின் உச்சியிலும் மறு முனையை முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் வைத்தேன். நடுவில் கம்பு அவருடைய ஹெல்மெட்டில் இடித்தது.

கார் தலைகீழாகக் கிடந்தால் தரை எங்கே இருக்கும் என்பதைத்தான் அந்தக் கம்பு காட்டுகிறது. அது ஹெல்மெட்டில் இடித்தால், அத்தனை கிலோ இரும்பை ஏற்றியும் தரையை முதலில் தொடப்போவது தலைதான். கம்புக்குக் கீழே ஹெல்மெட்டுக்கு ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நாங்கள் சீட்டைக் கழற்றி, சீட் நகரும் தண்டவாளத்தைத் தாழ்வாகப் போட்டு, அடிப்பஞ்சையும் குறைத்த பிறகுதான் அது கிடைத்தது. சீட்டையும் ஓட்டுநரின் உயரத்தையும் முதலில் அளந்துவிட்டு அப்புறம் ரோல் பார் வாங்கியிருந்தால் இரண்டு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவு தாழ்வான கார் கவிழுமா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1.5 மீட்டர், எடை மையம் 0.45 மீட்டர் உயரத்தில் என்றால் விடை கிட்டத்தட்ட 1.67. டயரின் பிடிப்பு காரின் எடையைப்போல் 1.67 மடங்கு பக்கவாட்டு விசையைத் தந்தால்தான் கார் கவிழத் தொடங்கும். நல்ல டிராக் டயர்கூட 1.2, 1.3 மடங்கிலேயே வழுக்கிவிடும். ஆகவே சமமான தார்ப்பரப்பில் இப்படிப்பட்ட கார் சறுக்குமே தவிரக் கவிழாது. ஆனால் சறுக்கிக்கொண்டே பாதையை விட்டு வெளியேறினால் கதை வேறு. அங்கே மண்ணோ சரளைக்கல்லோ இருக்கும். பக்கவாட்டில் போகும் சக்கரம் அதில் புதைந்து, ஓடுகிறவன் கால் தடுக்கி விழுவதுபோல் கார் இடறுகிறது. அந்தக் கணத்தில் 1.67 என்ற கணக்கெல்லாம் செல்லாது. டிராக்கில் வேகமாக ஓட்டுகிறவர் பாதையை விட்டு வெளியேறும் நாள் ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டுதான் காரைத் தயார் செய்யவேண்டும்.

சரி, குழாய்க்கு வருவோம். ஏன் உள்ளே வெற்றான குழாய், ஏன் கனமான கம்பி இல்லை? பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ, தலைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குச் சொல்லும் அளவுகளில் ஒன்று 45 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. சுவர்த் தடிமன். ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை சுமார் 2.6 கிலோ. அதே எடை எஃகைத் திடமான கம்பியாக்கினால் விட்டம் 20.6 மி.மீ. ஆகும். வளைவதை எதிர்க்கும் விறைப்பில் குழாய் அந்தக் கம்பியைவிட எட்டரை மடங்கு மேல். வளையும்போது நடு அச்சுக்கு அருகிலுள்ள உலோகம் பெரிதாக உழைப்பதில்லை. விளிம்பில் இருப்பதுதான் இழுவையையும் நெருக்கத்தையும் தாங்குகிறது. குழாயில் எல்லா உலோகமும் விளிம்பில்தான் இருக்கிறது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 38 மி.மீ. ஆக்கினால் விறைப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். கண்ணுக்கு ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிதாகவே தெரியாது.

அழகுக்காக விற்கும் பளபளப்பான ரோல் பார்களை நம்பக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். வெளிவிட்டம் சரியாக இருக்கும், சுவர் தகரம்போல் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் சில பந்தய அமைப்புகள், முதன்மை வளைவில் சுமை அதிகம் வராத இடத்தில் சுமார் 5 மி.மீ. துளை ஒன்றைப் போடச் சொல்கின்றன. பரிசோதகர் அதன் வழியே சுவர்த் தடிமனை அளந்துபார்ப்பார். விற்பவர் தடிமனைச் சொல்லத் தயங்கினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு வாங்கினால் பார் குறைவாக வளையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. சாதாரண கார்பன் எஃகுக்கும் குரோமோலிக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. நிரந்தரமாக வளைந்துபோவதற்கு முன் குரோமோலி கூடுதல் சுமை தாங்கும், ஆகவே விதி அனுமதிக்கும் இடத்தில் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்கலாம். அதற்குக் கைதேர்ந்த வெல்டர் வேண்டும். வாரயிறுதியில் டிராக்குக்குப் போகிறவருக்கு, இணைப்புத் தையல் இல்லாமல், சூடாக்காமல் இழுத்துச் செய்த கார்பன் எஃகுக் குழாயே போதும் என்பது என் கருத்து.

குழாய் வளையும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கத்தில் சுருக்கமோ, குழாய் முட்டை வடிவில் நசுங்கிய அடையாளமோ இருந்தால் அந்த இடத்தில்தான் மடியப்போகிறது. குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது வளைவு ஆரம் இருக்கவேண்டும்.

வெறும் வளைவு மட்டும் போதாது. நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். ஒரு மூலைவிட்டக் குச்சியைச் சேர்த்தால் அசையாது. ரோல் பாரின் குறுக்கே போகும் மூலைவிட்டக் குழாய் செய்வது அந்த வேலையைத்தான். பின்னோக்கிப் போகும் இரண்டு தாங்கிகள் முன்பின் திசையில் முக்கோணத்தை உண்டாக்குகின்றன. அவை நேராக இருக்கவேண்டும், செங்குத்துக்கோட்டிலிருந்து குறைந்தது 30 பாகை சாய்ந்திருக்கவேண்டும். கார் செங்குத்தாக மட்டும் தரையில் விழுவதில்லை, தலைகீழாகச் சறுக்கவும் செய்யும். அப்போது விசை பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் வருகிறது. பந்தய விதிகளில் நீண்ட காலம் இருந்த கணக்கு இது: மேலிருந்து காரின் எடையைப்போல் 7.5 மடங்கு, முன்பின்னாக 5.5 மடங்கு, பக்கவாட்டில் 1.5 மடங்கு.

கணக்கையும் தாண்டிப்போன விபத்து ஒன்றை உலகமே பார்த்தது. 2022 ஜூலை 3 அன்று சில்வர்ஸ்டோனில், ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கிய சில வினாடிகளில் ஜோ குவான்யூவின் கார் கவிழ்ந்தது. தலைக்குப் பின்னாலிருந்த ரோல் ஹூப் (அந்தக் காரின் ரோல் பார்) தரையில் மோதி உடைந்தது. ஓட்டுநரைக் காப்பாற்றியது ஹேலோ என்ற, தலையைச் சுற்றி முன்பக்கம் வரும் வளையம். அடுத்த ஆண்டு விதி மாறியது: ஹூப்பின் உச்சி தரையைக் குத்திக் கிழிக்காதபடி உருண்டையாக இருக்கவேண்டும், கூடுதல் விசைகளையும் தாங்கவேண்டும். அந்த அளவு பொறியியல் நடக்கும் இடத்திலேயே உச்சியின் வடிவத்தைப் பற்றி மறுபடி யோசிக்கவேண்டி வந்தது.

இப்போது கால்கள். எனக்கு மிகுந்த அக்கறை உள்ள பகுதி இதுதான், ஏனென்றால் கார்பெட்டுக்கு அடியில் மறைந்துபோவதால் யாரும் இதைப் பார்ப்பதில்லை. காரின் தரைத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். ஆயிரம் கிலோ காரில் 7.5 மடங்கு என்றால் ஏழரை டன். அந்தச் சுமை குழாய் வழியாக நேரே அந்தத் தகட்டில் இறங்கினால், கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். மேலே வளைவு முறியாமல் முழுசாக இருக்கும், ஆனால் தலைக்கு மேலிருந்த உயரம் போயிருக்கும். ஈர மண்ணில் ஏணி சாத்தும்போது காலுக்கு அடியில் பலகை போடுவோமே, அதேதான் இங்கும். முதன்மை வளைவின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மி.மீ. தடிமனில் 120 சதுர சென்டிமீட்டர் வலுவூட்டும் தகடு வேண்டும் என்கிறது எஃப்ஐஏ. 45 மி.மீ. குழாயின் சுற்றளவு 14 செ.மீ.; பதினொரு சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் சுற்றளவு 44 செ.மீ. தரை கிழியவேண்டுமென்றால் மூன்று மடங்கு நீளத்துக்குக் கிழியவேண்டும். அந்தத் தகடு மடிந்து பக்கச் சட்டத்தின் மேலும் ஏறினால் இன்னும் நல்லது.

போல்ட் போடுவதாக இருந்தால், தரையின் மேலும் கீழும் தகடு வைத்து நடுவில் நெருக்கவேண்டும். காலுக்குக் குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட், 8.8 என்ற வலிமைத் தரத்தில். உள்ளே வெற்றிடமான பெட்டிச் சட்டத்தின் ஊடே போல்ட் போகிறதென்றால் துளைக்குள் ஒரு சிறு குழாயைச் செருகி வெல்டிங் செய்யவேண்டும். இல்லாவிட்டால் நட்டை முறுக்க முறுக்கச் சட்டம் நசுங்கும், முறுக்கு நிற்காது. ட்ரில் எடுப்பதற்கு முன் காருக்கு அடியில் போய்ப் பாருங்கள். பிரேக் லைனும் பெட்ரோல் லைனும் பல கார்களில் நாம் துளைபோட நினைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. துளைபோட்ட விளிம்புகளுக்கு பிரைமரும் சீலரும் பூசாமல் மூடினால், துரு கார்பெட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் தகட்டைத் தின்னும்.

தோள் பெல்ட்டுகளை ரோல் பாரின் குறுக்குக் குழாயில் கட்டுவது வழக்கம். கழுத்துத் தாங்கி அணிபவருக்கு அவை தோளிலிருந்து கிடைமட்டமாக, அல்லது அதிகபட்சம் 20 பாகை கீழ்நோக்கிப் பின்னால் போகவேண்டும். பின்னால் தரையில் கொண்டுபோய்க் கட்டினால், மோதலில் பெல்ட் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நெரிக்கும்.

அதே காரைத் தெருவிலும் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஹெல்மெட் இல்லாமல், சாதாரண மூன்று முனை பெல்ட்டுடன் போகும்போது, பின்னாலிருந்து யாராவது இடித்தால் தலை பின்னோக்கிப் பாய்கிறது. அங்கே எஃகுக் குழாய் இருந்தால் காப்பதற்காகப் பொருத்தியதே மண்டையை உடைக்கும். பைப்புக்குச் சுற்றும் மெத்தென்ற பஞ்சு ஒரே நொடியில் தட்டையாகிவிடும், பயன் இல்லை. எஸ்எஃப்ஐ 45.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தரத்துக்கான பேடிங் தொட்டால் கட்டியாக இருக்கும். அதனால்தான் அது அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதைச் சுற்றிய பிறகும் தலை எட்டும் தூரத்தில் குழாய் இருந்தால், அந்தக் காரைத் தெருவில் ஓட்டவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நண்பரின் காரில் எல்லா போல்ட்டையும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கிய பிறகு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தோம். முதல் டிராக் நாள் முடிந்ததும் கார்பெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். வலது பின் தாங்கியின் ஒரு நட்டில் கோடு உடைந்து கொஞ்சம் விலகியிருந்தது. பெயின்ட்டின் மேல் தகட்டைப் பொருத்தியிருந்தோம். பெயின்ட் நசுங்கியதில் முறுக்கு தளர்ந்திருந்தது. கழற்றி, சுரண்டி, மறுபடி முறுக்கி, புதுக்கோடு இழுத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை டிராக்குக்குப் போகும் முன்பும் அவர் முதலில் தூக்குவது அந்தக் கார்பெட்டைத்தான்.