எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

டிஸ்க் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பழுதை மட்டும் சொல்ல மாட்டார்கள், தீர்வையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "லென்ஸ் போயிடுச்சு, மாத்திடுங்க." எப்படித் தெரியும் என்றால், படம் தாவுது, நடுவில் நின்றுவிடுது என்பார்கள். சரி, எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது, அதே டிஸ்க்கை மறுபடி போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் "அதைக் கவனிக்கலையே" என்றுதான் பதில் வரும். அதைக் கவனித்திருந்தால் பலர் பிளேயரைக் கழற்றிக் கொண்டுவரவே வேண்டியிருக்காது.

திரையிலோ பிளேயரின் முகப்பிலோ ஓடுகிற நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரே டிஸ்க், ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் தாவினால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில். நன்றாக ஓடுகிற டிஸ்க்குகள்கூட ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று நின்றால் பிளேயரைச் சந்தேகிக்கலாம். படமும் சத்தமும் போய், நேரம் மட்டும் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தால், பிளேயர் டிஸ்க்கைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது, எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றாவது வகைக்காகப் பிளேயரையே திறந்து லென்ஸைத் துடைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை வைத்து டிஸ்க்கில் எந்த இடம் என்றும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. சிடியில் முதல் பாட்டு நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கும், நிறைய பாட்டு உள்ள சிடி என்றால் கடைசிப் பாட்டு விளிம்புக்கு அருகில். நாம் கையால் பிடிப்பது விளிம்பைத்தான், அதனால் கடைசி இரண்டு மூன்று பாட்டு மட்டும் தாவினால் முதலில் அங்கே விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். சினிமா டிவிடியில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல படங்கள் 8.5 ஜிபி கொள்ளும் இரண்டு அடுக்கு டிஸ்க்கில் வரும், முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். ஆகப் படத்தின் நடுப்பகுதி இருப்பது விளிம்புப் பக்கத்தில்! இடைவேளை சமயத்தில் தாவுகிறது என்றால் துடைக்க வேண்டியது ஓரத்தை. அடுக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் படம் லேசாக நின்று போவது இயல்பு, அது பழுதே இல்லை. ஆனால் இரண்டு அடுக்குப் படம் எதைப் போட்டாலும் அந்த இடத்தில் திணறி நின்றேவிடுகிறது என்றால் பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த, டிஸ்க்கைப் படிக்கிற பகுதி) தளர்ந்துவருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் துடைக்கிற விதம். சட்டை நுனியால் வட்டவட்டமாகத் தேய்ப்பதுதான் எல்லோருக்கும் கைவந்த பழக்கம், செய்யக்கூடாததும் அதுதான். சிடியில் தகவல் சுருள் போன்ற ஒரு தடத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும். அதில் உள்ள பிழைதிருத்த ஏற்பாடு, தடத்தின் வழியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியளவு இடத்தைத்தான் வெட்டும், அதனால் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். வட்டத்தோடு வட்டமாக விழுந்த கீறல் மெல்லியதாக இருந்தாலும் ஒரே தடத்தில் நீளமாகத் தகவலை விழுங்கிவிடும், அங்கே பிளேயர் வழி தவறும். ஆகவே மென்மையான, நூல் பிரியாத துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்க்கோட்டில் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் போதும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அகற்றும் திரவம் எதுவும் டிஸ்க் பக்கமே வரக்கூடாது.

சிடியின் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள சிடியில் தகவல் இருப்பது படம் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சுக்குக் கீழே. மேல்பக்கம் சுரண்டப்பட்டால் தகவலும் சேர்ந்து போய்விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் அந்த இடத்தை எந்தப் பாலிஷும் மீட்காது. டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பிக்கும். ப்ளூ-ரே நேர் எதிர், தகவலுக்கும் படிக்கும் பக்கத்துக்கும் இடையே வெறும் 0.1 மில்லிமீட்டர்தான். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்ற வைத்தியம் சிடி, டிவிடியில் சில சமயம் பலித்திருக்கலாம். ப்ளூ-ரேயில் செய்தால் மேலே உள்ள கடினப் பூச்சுதான் முதலில் போகும்.

டிஸ்க் எல்லாம் சுத்தம், ஆனாலும் நிற்கிறது என்றால் இப்போது லென்ஸைப் பற்றிப் பேசலாம். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் "நோ டிஸ்க்" என்கிறது என்பது அடிக்கடி வரும் புகார். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, இரண்டும் தனித்தனி ஒளிமூலம் என்பதால் ஒன்று மட்டும் சோர்ந்திருக்கலாம். ஆனால் உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74 தான், அதனால் லென்ஸில் தூசி படிந்தாலும் முதலில் அடிவாங்குவது டிவிடிதான். முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் பிக்கப்பைச் சந்தேகிப்பது நல்லது.

தூரிகை வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க் எனக்குப் பிடிக்காது, சில பிளேயர்களின் கையேட்டிலேயே அதைப் போடாதீர்கள் என்று இருக்கும். திறந்து துடைக்கத் தைரியம் உள்ளவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் திறங்கள், பவர் சப்ளை பகுதியில் கை வைக்காதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவு ஈரத்தோடு, லென்ஸின் மேல் எடையே போடாமல் ஒரு சுற்று. லென்ஸ் மயிரிழைக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும், தொட்டால் ஆடும், ஆடத்தான் வேண்டும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம், சிடியின் லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கும்.

திறந்தவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். பிக்கப்பின் பக்கவாட்டில் உள்ள குட்டி ப்ரீசெட்டை (லேசருக்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் திருகு) திருகினால் லேசர் கூடும் என்று எங்கேயோ பார்த்துவிட்டுத் திருகிவிடுகிறார்கள். பிளேயர் சில நாள் ஜோராக ஓடும், பிறகு லேசர் ஒளியைத் தரும் டயோடு ஒரேயடியாகப் போய்விடும். தேய்ந்த டயோடை விரட்டி வேலை வாங்கினால் வேறென்ன நடக்கும்?

எல்லா டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய பிறகு நிற்கிறதா? பிக்கப் நகர்கிற கம்பியில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். துடைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு ஆகிற கிரீஸை மிக லேசாகத் தடவினால் போதும், கையில் கிடைத்த எண்ணெயை விடக்கூடாது. எந்த டிஸ்க் போட்டாலும் முதலில் நன்றாக ஓடி, பிளேயர் சூடான பிறகு நிற்கிறது என்றால் மேலே அடுக்கியிருக்கும் ஆம்ப்ளிஃபயரை இறக்கிக் காற்று விடுங்கள், அப்படியும் நின்றால் பவர் சப்ளையில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்ததும் படிக்கவில்லை என்றால் லென்ஸில் ஈரம் பூத்திருக்கும், டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஆன் செய்து விட்டால் சரியாகிவிடும். கணினியில் பதிந்த டிஸ்க் என்றால் பைனலைஸ் செய்யப்பட்டதா, அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள், மேலே காகித லேபிள் ஒட்டியிருந்தால் எடை ஒருபக்கம் சாய்ந்து டிஸ்க் அதிரும். நடுத்துளையைச் சுற்றி விரிசல் கண்ட டிஸ்க்கைப் போடவே போடாதீர்கள், வேகமாகச் சுழலும்போது உள்ளேயே சிதறிவிடக்கூடும்.

இத்தனையும் பார்த்து, பிக்கப்தான் போயிருக்கிறது என்று உறுதியாகி நீங்களே வாங்கி மாற்றினால், புது பிக்கப்பின் சிறிய போர்டில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சொட்டு சோல்டர் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நிலைமின்சாரம் டயோடைக் கொல்லாமலிருக்க ஆலையிலேயே வைத்து அனுப்புவது அது. கேபிளைச் செருகிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மூடிவிட்டு, புது பிக்கப்பும் "நோ டிஸ்க்" என்கிறதே, டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.