நுகத்தடியில் பூட்டிய செல்கள்

பெருந்துறையில் இருக்கும் எங்கள் மாமா மின்சார ஸ்கூட்டர் பார்க்கப் போனார். பேட்டரிக்கு எட்டு வருடம் வாரண்டி என்று கடைக்காரர் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "ஏனுங் மாப்ளே, செல்போன்ல இருக்கறதும் லித்தியம்தானுங்களே? அது ரெண்டு வருசத்துல உப்பிக்குது. இது மட்டும் எப்படீங்க எட்டு வருசம் தாங்கும்?"

நியாயமான கேள்வி. ரிமோட்டில் போடும் பேட்டரிக் கட்டையை இதில் சேர்க்க வேண்டாம். உள்ளே துத்தநாகம் தீர்ந்தால் அது குப்பைக்குத்தான். போனும் ஸ்கூட்டரும் ஒரே வம்சம். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி செல்லின் வாரிசுகள். செல் என்பது பேட்டரியின் ஒற்றை அலகு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமரும், செலவாகும்போது கிளம்பிய இடத்துக்கே திரும்பும்.

போனில் பெரும்பாலும் ஒரே ஒரு செல். மெலிசாக இருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதற்காக அதை 4.4 வோல்ட் வரைகூட நிரப்புகிறார்கள். அந்த விளிம்பில் தினமும் நிற்கும் செல் சீக்கிரம் தளர்ந்துவிடும். வண்டி செய்பவர்கள் முழுக்க நிரப்பாமலும் முழுக்கக் காலியாக்காமலும் மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள். சில வண்டிகளில் வரும் இரும்பு பாஸ்பேட் செல்லும் லித்தியம் வகைதான். எடை கூடுதல், ஆனால் 2,000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

இனிதான் உண்மையான சிக்கல். 3 கிலோவாட் மணி ஸ்கூட்டர் பேட்டரி என்பது சுமார் 150 போன் பேட்டரிகளுக்குச் சமம். இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று தருவது 3.2 வோல்ட், பதினாறைத் தொடராகக் கோர்த்தால்தான் 51.2 வோல்ட் கிடைக்கும். தொடரில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். காங்கேயம் காளைகளை ஜோடி பார்த்துப் பூட்டுகிறவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. ஒரு மாடு நோஞ்சானாக இருந்தால் வண்டி அதன் நடைக்குத்தான் போகும். கொள்ளளவு குறைந்த செல் முதலில் காலியாகும், மற்ற பதினைந்தில் மின்சாரம் மிச்சம் இருந்தாலும் வண்டியை நிறுத்தியாக வேண்டும். மீறி இழுத்தால் அந்தச் செல் கெடும். ஏற்றும்போதும் அதுவே முதலில் நிரம்பி மற்றவற்றுக்குத் தடை போடும்.

இதைக் கவனிக்கத்தான் பேட்டரிக்குள் ஒரு மின்னணுப் பலகை. பிஎம்எஸ், அதாவது பேட்டரி மேலாண்மை அமைப்பு என்பார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் ஓயாமல் பார்த்து, முந்திக்கொண்ட செல்லின் மிச்சத்தை ஒரு சின்ன மின்தடையில் வெப்பமாகக் கழித்துவிடும். சூடு மிஞ்சினால் மின்னோட்டத்தைக் குறைக்கும். ஈரோட்டுச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தக் கடைசி வேலை சாதாரணமல்ல. சூடு கூடக்கூட செல் மூப்படைவதும் வேகமாகும். மதியம் ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாமல் நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன்.



"அப்ப திம்பம் மலைல இறங்கறப்ப தானா சார்ஜ் ஏறும்ங்கறாங்களே?" என்றார் மாமா. ஏறும். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தையும் குறைக்கும். ஆனால் மேலேயே நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அந்த மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது. பிஎம்எஸ் வாங்க மறுத்துவிடும். 27 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக் கட்டைதான் தேயும்.