வடிகாலில் போன மூளை

தரமணியில் ஒரு கருத்தரங்கு. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இங்குள்ள நிறுவனங்களுக்குள் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பது பேசுபொருள். கையில் கொடுத்த தமிழ்க் குறிப்பின் முதல் வரியிலேயே 'தலைகீழ் மூளை வடிகால்'. இன்னும் எத்தனை இடத்தில்தான் இதைப் படிப்பது?

ஆங்கில மூலச்சொல் 'பிரெயின் டிரெய்ன்'. 1960களில் பிரிட்டன் அறிவியலாளர்கள் வட அமெரிக்காவுக்குப் போனதைப் பற்றி எழுந்த சொல். 1963இல் ராயல் சொசைட்டி இதற்கென அறிக்கையே வெளியிட்டது. திரும்பி வந்தால் முன்னால் 'ரிவர்ஸ்' சேர்ந்துகொள்ளும்.

அங்கே 'டிரெய்ன்' என்பது இழப்பு. தமிழில் 'வடிகால்' அப்படிப்பட்ட சொல்லா? 'கால்' என்றால் வாய்க்கால். வேண்டாத நீர் போவதற்காக நாமே வெட்டுவது வடிகால். சோறு வடித்தால் போவது கஞ்சி, தங்குவது சோறு. மனக்குமுறலுக்கு ஒரு வடிகால் என்கிறோமே, அதுவும் நிம்மதிதான். (டீ வடிகட்டியில் சக்கைதானே தங்குகிறது என்று ஒருவர் மடக்கினார். அது வடிகட்டி, ஐயா.) ஆக, மூளை வடிகால் என்றால் வேண்டாதது ஒழிந்தது என்று பொருள். அது தலைகீழானால் என்ன ஆகும் என்று வேளச்சேரியில் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் சாக்கடை நீர் குளியலறைக் குழி வழியாக வீட்டுக்குள் வரும்.

போவதற்கும் வருவதற்கும் தமிழில் சொல் இல்லையா? பொருள் தேடிப் பிரிந்து போவதைப் பொருள்வயிற் பிரிவு என்றது தொல்காப்பிய மரபு. வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசும் அகப்பாட்டுகள் எத்தனை! 'மீள்' அங்கேயே இருக்கிறது. 'திறனாளர் மீள்வரவு' என்பேன். மொழிபெயர்ப்பாளர்கள் எதற்கெடுத்தாலும் முன்னால் 'மீள்' ஒட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இங்கே உண்மையிலேயே ஆள் மீள்கிறார்.

ஆள் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் எம்ஐடியில் படித்து 1951இல் திரும்பிய எஃப்.சி. கோலி, டாடா மின் நிறுவனத்தில் கணினியைப் புகுத்தியவர்களில் ஒருவர். பிறகுதான் டிசிஎஸ் மென்பொருள் நிறுவனம். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையிலும் இதே கதை. முதலாளி வாங்கிய மென்பொருள் இரண்டு ஆண்டு தூங்கியது. ஜெர்மனியிலிருந்து திரும்பிய மைத்துனர் மூத்த டர்னர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஜாபுக்கும் பார்கோடு ஒட்டவைத்தார். மென்பொருளின் பழுதுகளோடு பழகியவர் என்பதால், எங்கே மாட்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சாக்பீஸ் பலகையை மட்டும் கழற்றவில்லை.

கருத்தரங்கு அமைப்பாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த அச்சில் மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டு, "'எதிர்மறை மூளை வடிகால்' என்று போடலாமா, சார்?" என்றார்.