பழைய லென்ஸைக் குறை சொல்லும் முன்

கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, "இதுல எதுவுமே ஷார்ப்பா வரமாட்டேங்குது" என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் நிறைய. அதே லென்ஸை முக்காலியில் நிறுத்தி, காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்தால் இமை முடிகள் தனித்தனியாக விழும். கோளாறு பெரும்பாலும் லென்ஸில் இருப்பதில்லை. ஃபோகஸ் சரி என்று நம்மை நம்பவைக்கும் கருவிகள்தான் ஏமாற்றுகின்றன.

உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமராவான டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம் வ்யூஃபைண்டரிலேயே, அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையிலேயே, தொடங்குகிறது. ஃபிலிம் காலத்து எஸ்.எல்.ஆர். பலவற்றில் நடுவே ஸ்ப்ளிட் இமேஜ் வட்டம் இருக்கும். உடைந்து தெரியும் கோடு ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் வந்துவிட்டது. ஆட்டோஃபோகஸ் வந்தபின் அதை நீக்கிவிட்டு, காட்சி பளிச்சென்று தெரியும்படி வேறு வகைத் திரையைப் பொருத்தினார்கள். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவான ஆழம் குறைவு. அந்தத் திரை ஏறத்தாழ எஃப் 2.8 வரைதான் மங்கலை உள்ளபடி காட்டும். லென்ஸ் எஃப் 1.4இல் திறந்திருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது எஃப் 2.8இன் தெளிவு. கண்ணில் ஃபோகஸ் வைத்தோம் என்றிருப்போம், படத்தில் காது கூர்மையாக இருக்கும். சென்சார் காணும் காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வ்யூவுக்கு மாறிப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இதற்கு நம்பகமான வழி.

பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ., எஃப் 1.4, 1 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ. அதுவும் ஒரு புள்ளி 0.03 மி.மீ. அளவுக்கு மங்கிப் பரவுவதைப் பொறுத்துக்கொள்ளும் ஃபிலிம் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ.தான். கணினியில் முழு அளவில் பார்த்தால் அந்த 3 செ.மீ. 1 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். மூச்சு விடும்போது உடல் அசையும் அசைவே போதும், ஃபோகஸ் தவற. லென்ஸ் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகோலும் அந்தப் பழைய கணக்குதான். எஃப் 8இல் எடுத்தால் எஃப் 4 கோடுகளைப் பாருங்கள்.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்காரர்கள் பீக்கிங் என்ற ஃபோகஸ் உதவி வசதியை நம்பிக் கெடுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது: பீக்கிங் கான்ட்ராஸ்ட் அதிகமான விளிம்புகளுக்கு வண்ணம் பூசுகிறது, அவ்வளவுதான். அடர்ந்த புருவம் ஃபோகஸ் சற்று விலகியிருந்தாலும் மின்னும். மெல்லிய வெளிச்சத்தில் ஒரு கன்னம் சரியான ஃபோகஸில் இருந்தும் மின்னாது. இடத்தைத் தேட அதைப் பயன்படுத்துங்கள், முடிவு சொல்ல விடாதீர்கள். பெரிதாக்கும் வசதியை விரல் எட்டும் ஒரு பட்டனில் வையுங்கள். படச் சட்டத்தை முதலில் அமைத்துவிட்டு, பெரிதாக்கும் பெட்டியைக் கண்ணின் மேல் நகர்த்துங்கள். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால் ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பிவிடும். வளையத்தைத் தெளிவான இடம் தாண்டும்வரை சுற்றி, திரும்பி வந்து, அந்த ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே நிறுத்துங்கள். சென்சார் நடுக்கத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவிய நீளத்தை (50 மி.மீ. போன்ற எண்) மெனுவில் நீங்களே பதிய வேண்டும். பழைய லென்ஸ் அதைக் கேமராவுக்குச் சொல்லாது.

வேகமான பழைய லென்ஸ்கள் சிலவற்றில் அப்பர்ச்சரை, அதாவது திறப்பை, குறைக்கும்போது ஃபோகஸ் தளமே சற்று நகரும். அதனால் எஃப் 4 வரை, எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள்.

பழைய லென்ஸை வேறு கேமராவில் பொருத்த உதவும் வளையமான அடாப்டரையும் சந்தேகப்படுங்கள். லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து (மவுன்ட்) சென்சார் வரை நிக்கான் எஃப் மவுன்ட்டின் தூரம் 46.5 மி.மீ., சோனி ஈ மவுன்ட்டுக்கு 18. இடையில் வரும் அடாப்டர் 28.5 மி.மீ. இருக்க வேண்டும். முடிவிலி, அதாவது மிகத் தொலைவில் ஃபோகஸ், கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று பலர் அதை மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள். விளைவு, வளையத்தைக் கடைசிவரை சுற்றினால் முடிவிலியைத் தாண்டிப் போய்விடும், தொலைதூர மலை மங்கும். ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி உண்மையான முடிவிலியைக் கண்டுபிடித்து, வளையத்தில் சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்து, முக்காலியில் எஃப் 5.6இல் எடுத்தும் நடுப்பகுதி மங்கலாகவே இருந்தால், லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெண்படலம் தெரிந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். படலமே இல்லையென்றால் யாரோ முன்பு கழற்றிவிட்டுத் தவறாகப் பூட்டியிருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று என்றால்தான் அது மெக்கானிக்கிடம் போக வேண்டிய லென்ஸ்.