முதல் குண்டு மட்டும் ஏன் கீழே போகிறது?

நண்பர் ஒருவரிடம் 6.35 மில்லிமீட்டர் துளையுள்ள காற்றுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 50 மீட்டரில் தாளை மாட்டிச் சுடுவார். நாள் முழுக்க ஒழுங்காகச் சுடும் அந்தத் துப்பாக்கி, காலையில் எடுத்தவுடன் போடும் முதல் குண்டை மட்டும் இரண்டு விரற்கடை கீழே இறக்கிவிடும். இரண்டாவது குண்டிலிருந்து எல்லாம் சரி. ராத்திரியில் எங்கோ காற்று கசிந்து அழுத்தம் குறைந்துபோகிறது என்று முடிவுகட்டி, காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை எல்லாம் மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், ராத்திரியில் துப்பாக்கிக்குள் அழுத்தம் கூடிக்கொண்டிருந்தது.

அழுத்தம் கூடினால் குண்டின் வேகம் எப்படிக் குறையும்? பெரிய காலிபர், அதாவது அகலமான குழல் துளை கொண்ட, துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான். ஆனால் அதற்கு முன், துளை பெரிதானால் காற்று என்ன பாடுபடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

குழலுக்குள் 150 பார் அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 150 மடங்கு. 4.5 மில்லிமீட்டர் துளையில் உட்கார்ந்திருக்கும் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டின் பின்புறப் பரப்பு 16 சதுர மில்லிமீட்டர்தான். அதன்மீது விழும் விசை, 24 கிலோ எடையை மேலே வைத்த மாதிரி. துளையை 9 மில்லிமீட்டராக்கினால் பரப்பு நான்கு மடங்கு. விசை கிட்டத்தட்ட 100 கிலோ. 12.7-க்குப் போனால் 190 கிலோவைத் தாண்டிவிடும். அழுத்தத்தை ஒரு துளிகூடக் கூட்டவில்லை, கவனியுங்கள். விசையைக் குழலின் நீளத்தால் பெருக்கினால் வருவதுதான் குண்டுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஆற்றல். குழல் முழுக்க அழுத்தம் அப்படியே நிற்காது என்பதால் உண்மையில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

வேகத்தைக் கூட்டி ஆற்றலைக் கூட்ட முடியாதா என்றால், காற்றுக்கு அங்கே ஒரு தடை இருக்கிறது. குண்டைத் தள்ளும் காற்று, குண்டின் பின்னாலேயே தானும் ஓடியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் அந்த எண் பெரிதாக மாறாது. அது வெப்பநிலையைப் பொறுத்தது. குண்டு அந்த வேகத்தை நெருங்க நெருங்க, பின்னாலிருக்கும் காற்றால் அதை எட்டிப் பிடித்துத் தள்ள முடிவதில்லை. வெடிமருந்தின் வாயு ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் இருப்பதால் அதற்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே காற்றுத் துப்பாக்கிக்குத் திறந்திருக்கும் வழி ஒன்றுதான்: மெதுவாகப் போகும் கனமான குண்டு. 4.5-ல் அரை கிராம், 5.5-ல் சுமார் 1 கிராம், 9 மில்லிமீட்டரில் 5 கிராமுக்கு மேல். 5.2 கிராம் குண்டு நொடிக்கு 250 மீட்டரில் கிளம்பினால் ஆற்றல் 160 ஜூலைத் தாண்டும். வெடிமருந்துத் தோட்டாக்களில் சிறியதான பாயிண்ட் 22 ரிம்ஃபயர் கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் காற்று ரைபிளுக்கு வரம்பு சுமார் 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல் என்பதை நினைத்துப் பாருங்கள். “காத்துதானே” என்று யாராவது சொன்னால் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. பார்தலோமியோ ஜிரார்டோனி வடிவமைத்த காற்று ரைபிளை 1780-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. துளை சுமார் 12 மில்லிமீட்டர். பக்கத்துக் குழாயில் சுமார் 20 குண்டுகள். பின்கட்டையே காற்றுத் தொட்டி. அதை நிரப்பக் கைப்பம்பை 1,500 முறை அடிக்க வேண்டும். புகை இல்லை, மழையில் நனையும் மருந்து இல்லை. அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸ்–கிளார்க் குழுவும் ஒரு காற்று ரைபிளைக் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட ஆயுதம் ஏன் நிலைக்கவில்லை? தோல் வாஷர்களை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், தொட்டிகள் கசியும், பழுது பார்க்கத் தனித் திறமை வேண்டும். சக்தி போதாமல் அது தோற்கவில்லை. அடைப்பான்கள் கைவிட்டன. இருநூறு வருடம் கழித்தும் கதை ரொம்ப மாறிவிடவில்லை.

சரி, எந்த வகைத் துப்பாக்கி? ஸ்பிரிங்கின் உதையில் ஓடும் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் ஸ்பிரிங் பிஸ்டன் வகையை 5.5 வரை நான் மனமாரச் சிபாரிசு செய்வேன். பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், மடக்கினால் தயார். ஆனால் அதன் ஆற்றல் முழுவதும் நீங்கள் ஒரே மடக்கில் கையால் கொடுத்ததுதான். 6.35-லேயே அது மூச்சு வாங்கும். அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. போதாக்குறைக்கு, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே கனமான பிஸ்டன் முன்னும் பின்னும் உதைத்துவிடுகிறது. குறிபார்க்க மேலே மாட்டும் சாதாரண ஸ்கோப்புகளைக் கெடுப்பது அந்த இரட்டை உதைதான். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு? 20 டிகிரியில் அதன் அழுத்தம் 57 பார், 0 டிகிரியில் 35. குளிர் வந்தால் துப்பாக்கியும் சோர்ந்துவிடும். பெரிய துளைக்கு மிஞ்சுவது, முன்கூட்டியே நிரப்பிவைத்த காற்றில் இயங்கும் பிசிபி வகை மட்டும்தான்.

பிசிபி வாங்குபவர் முதலில் போட வேண்டியது காற்றுக் கணக்கு. 60 சென்டிமீட்டர் குழலின் உட்கொள்ளளவு 5.5-க்கு 14 கன சென்டிமீட்டர், 9-க்கு 38, 12.7-க்கு 76. குண்டு வெளியேறும்போது இந்த இடம் முழுக்க அழுத்தக் காற்று நிறைந்திருக்கும். அது அப்படியே வீணாக வெளியே போகும். 12.7-ல் சராசரியாக 100 பார் என்று வைத்தாலும், ஒரு ஷாட்டுக்கு ஏழரை லிட்டர் சாதாரணக் காற்று செலவு. 200 பாரில் நிரப்பிய அரை லிட்டர் தொட்டியில் இருப்பதே 100 லிட்டர்தான். அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொட்டி 15 பார் இறங்குகிறது. “12.7 காலிபர், ஒரு முறை நிரப்பினால் 20 ஷாட்” என்று பெட்டியில் எழுதியிருந்தால், அதில் கடைசிப் பதினைந்து ஷாட் எங்கே விழுகிறது என்று கேளுங்கள்.

இப்போது வால்வுக்கு வருவோம். ட்ரிகரை இழுத்ததும் ஒரு சிறு சுத்தியல் ஓடிவந்து வால்வின் தண்டை அடிக்கிறது. வால்வு ஓரிரு மில்லிநொடி திறந்து மூடுகிறது. அது திறக்காமல் இறுக்கிப் பிடித்திருப்பது எது? தொட்டியிலிருக்கும் காற்றேதான். அழுத்தம் அதிகமாக இருந்தால் சுத்தியலால் வால்வைக் கொஞ்சம்தான் தள்ள முடியும், அதுவும் சட்டென்று மூடிக்கொள்ளும். காற்று குறைவாகப் போகும். அழுத்தம் இறங்க இறங்க வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். காற்றின் உதை குறைந்ததை அதன் அளவு ஈடுகட்டும். இன்னும் இறங்கினால் எதுவும் ஈடுகட்டாது. வேகத்தை வரைபடமாகப் போட்டால் ஏறி, நடுவே சமதளமாக நின்று, பிறகு இறங்கும். சரியாக வடிவமைத்த துப்பாக்கி அந்தச் சமதளத்தில்தான் வேலை செய்யும். குண்டு மெதுவாகப் போகிறதே என்று இன்னும் 30 பார் ஏற்றுபவர்கள் உண்டு. பசிக்கிறது என்று நினைத்து, அஜீரணக்காரருக்கு இன்னொரு பந்தி பரிமாறுவது போலத்தான்.

சமதளத்தை நீட்டிக்கத்தான் ரெகுலேட்டர். தொட்டி 250 பாரில் இருந்தாலும் வால்வுக்குப் பின்னாலிருக்கும் சிறு அறைக்கு, உதாரணமாக, 130 பார் மட்டும் விடும். அதன் உள்ளே ஒரு சின்ன பிஸ்டன், கிண்ணம் கிண்ணமாக அடுக்கிய ஸ்பிரிங் வாஷர்கள், ஒரு இருக்கை. அறையில் 130 ஆனதும் பிஸ்டன் நகர்ந்து இருக்கையில் உட்கார்ந்து வழியை அடைக்கும். ஷாட் போனதும் வாஷர்கள் அதைத் திறக்கும். 5.5, 6.35 காலிபர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. 9-க்கு மேலே போனால் அறை பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு குழலில் பாதி வழி போவதற்குள் காற்று தீர்ந்துவிடும். ஒரு ஜூல் ஆற்றலுக்கு முக்கால் கன சென்டிமீட்டர் அறை என்று துப்பாக்கி செப்பனிடுபவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 160 ஜூலுக்கு 120 கன சென்டிமீட்டர். அவ்வளவு இடம் ஒதுக்க முடியாமல்தான் பெரிய துளைத் துப்பாக்கிகள் பல ரெகுலேட்டரே இல்லாமல் வருகின்றன. அது குறையல்ல. மூன்று நான்கு ஷாட்டுகள் சமதளத்தில் நின்றால் போதும். ஆனால் சின்ன அறையோடு “ரெகுலேட்டர் உண்டு” என்று பெருமைப்படும் 9 மில்லிமீட்டரை நான் தொடமாட்டேன்.

ஒரே வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? மெதுவான குண்டு அதிகம் விழும். 250 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் விழுகிறது. 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேகத்தில் 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 50-ல் இரண்டு சென்டிமீட்டர்தான் பிசகும், 100-ல் எட்டு. எவ்வளவு நல்ல குழலும் இதைச் சரிசெய்யாது. அதனால் வாங்குமுன் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றை வைத்து, முழுத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு ஷாட்டையும் எழுதிக்கொண்டே வரச் சொல்லுங்கள். அதிகபட்ச வேகம் என்ன என்ற எண் எனக்கு வேண்டாம். அந்த வரிசை வேண்டும்.

குழலைப் பற்றி ஒரு விஷயம். சின்ன காலிபர்களின் பெல்லட்டுக்கு இடை சிறுத்து, பின்புறம் பாவாடை போல விரிந்திருக்கும். காற்று அந்த மெல்லிய விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். பெரிய காலிபர்களில் பெரும்பாலும் போடுவது கெட்டியான ஈயக் குண்டு. அதற்குப் பாவாடை கிடையாது. அளவு சரியாக இருந்தால்தான் அடைக்கும். அதைச் சோதிப்பது பார்க்க அழகான வேலை. துப்பாக்கியில் காற்றும் குண்டும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துளையைவிடச் சற்றே பெரிய மென்மையான ஈய உருண்டையை எண்ணெய் தொட்டு, மரக்குச்சியால் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் தள்ள வேண்டும். எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கைக்கே தெரியும். வெளியே வரும் உருண்டையில் குழலின் சுருள் பள்ளங்கள் அச்சாகப் பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட 0.02 அல்லது 0.03 மில்லிமீட்டர் பெரிய குண்டைத் தேர்வு செய்வார்கள். ஈயமும் மென்மையானதாக இருக்க வேண்டும். காற்றின் அழுத்தத்துக்குக் கடினமான கலவை இசைந்து கொடுக்காது. வேலை முடிந்ததும் கையைக் கழுவ மறக்கக் கூடாது.

அப்புறம் நிரப்பும் ஏற்பாடு. துப்பாக்கியின் விலையைப் பார்ப்பவர்கள் இதன் விலையை மறந்துவிடுகிறார்கள். அரை லிட்டர் தொட்டியை 100-லிருந்து 200 பாருக்கு ஏற்ற 50 லிட்டர் காற்று வேண்டும். புழுக்கமான நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு நிரப்பலிலும் ஒரு கிராம் தண்ணீர், அதாவது இருபது சொட்டு, உள்ளே போகப் பார்க்கிறது. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத கைப்பம்ப் கொஞ்ச நாளில் வால்வுக்குள் துருவை வளர்க்கும். கையால் அடித்து 12.7-ஐ வைத்துச் சமாளிப்பேன் என்பவருக்கு என் அனுதாபங்கள். 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டரோ ஸ்கூபா சிலிண்டரோ இருந்தால் நல்லது. மெதுவாக நிரப்புங்கள், வேகமாக ஏற்றினால் காற்று சூடாகி, ஆறியபின் அழுத்தம் காட்டும் கேஜ் இறங்கும். மசகுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். உயர் அழுத்தப் பகுதியில் சாதாரண எண்ணெய் போனால் டீசல் இன்ஜினில் போலத் தானே பற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு நிரப்பினால் துப்பாக்கி வெடித்தே போகும்.

நண்பரின் துப்பாக்கிக்கு வருகிறேன். நல்லவேளை, அதில் இரண்டு கேஜ்கள் இருந்தன; ஒன்று தொட்டிக்கு, இன்னொன்று ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவிலிருக்கும் அறைக்கு. ராத்திரி வைக்கும்போது அறை கேஜ் 130 காட்டியது. காலையில் 155. இருக்கை சரியாக அடைக்காமல் தொட்டிக் காற்று மெல்ல மெல்ல ஊறி வந்திருக்கிறது. 155-ல் சுத்தியலால் வால்வை முழுதாகத் திறக்க முடியவில்லை; குண்டு மெதுவாகப் போய்க் கீழே விழுந்தது. அந்த ஒரு ஷாட்டிலேயே அறை காலியாகி மறுபடி 130-க்கு நிரம்பிவிடும் என்பதால், இரண்டாவது குண்டிலிருந்து எல்லாம் ஒழுங்கு.

தொட்டியைக் காலிசெய்துவிட்டு ரெகுலேட்டரைப் பிரித்தோம். இருக்கையின் ஓரத்தில், தொழிற்சாலையில் கடைந்தபோது மிஞ்சிய பித்தளைச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது. தலைமுடி தடிமன்கூட இல்லை. அதை எடுத்துவிட்டு, புது இருக்கை போட்டு மூடினோம். மறுநாள் காலை கேஜ் 130-லேயே நின்றது. முதல் குண்டு போட்ட துளையை அடுத்த நான்கும் கொஞ்சம் பெரிதாக்கின, அவ்வளவுதான்.