பிரிட்டனில் தஞ்சம் கோரிக் காத்திருக்கும் குடும்பம்: பிள்ளைகளின் விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் என்ன வழி?

பிரிட்டனில் தஞ்சம் கோரிய ஒருவர், முடிவு வரும்வரை பொதுவாக வேலைக்குப் போக முடியாது. 12 மாதம் கடந்தும் பதில் வராவிட்டால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும்தான். இலங்கையிலிருந்து போய் இப்படிக் காத்துக் கிடந்தவர்கள் நம் உறவுகளிலேயே நிறையப் பேர் உண்டு. அந்த நாட்களில் பிள்ளைகள் என்ன செய்வார்கள், எங்கே விளையாடுவார்கள் என்பது சின்ன விஷயமே இல்லை.

முதலில் பணம். வேறு வழியில்லாதவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின்கீழ் தங்க இடமும் வாரப்படியும் கிடைக்கும். 2024 ஜனவரியில் அந்தப் படியைத் தலைக்கு 49.18 பவுண்டு என்று வைத்தார்கள். சாப்பாடு போடும் ஹோட்டலில் இருந்தவர்களுக்கு அப்போது 8.86 பவுண்டுதான். இதில் பொம்மைக்கென்று ஒரு காசும் கணக்கிடப்படவில்லை. எதெல்லாம் 'அத்தியாவசியத் தேவை' ஆகாது என்று 2000ஆம் ஆண்டின் தஞ்ச உதவி விதிகள் பட்டியல் போடுகின்றன. ஃபேக்ஸ், போட்டோகாப்பி செலவுகளோடு பொம்மைகள், விளையாட்டுப் பொருள்கள், பொழுதுபோக்குச் செலவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாலு வயதுக் குழந்தையின் பந்தை ஃபேக்ஸ் காகிதத்தோடு சேர்த்து எண்ணியது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

ரெஃப்யூஜி ஆக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம் இந்தப் படியை எதிர்த்து நீதிமன்றம் போனது. மற்றவர்களோடு உறவைப் பேணவும், சமூக, பண்பாட்டு, சமய வாழ்வில் குறைந்தபட்சமாவது கலந்துகொள்ளவும் ஆகும் செலவை அரசு கணக்கில் எடுக்காதது தவறு என்று 2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் கைக்கு வந்தது? தனி நபரின் படி 36.62 பவுண்டிலிருந்து 36.95 ஆனது. 2015 ஆகஸ்டில் எல்லோருக்கும் ஒரே தொகை என்று மாற்றியபோது, பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த 52.96 பவுண்டும் 36.95க்கு இறங்கிவிட்டது.

சரி, இந்தப் படியில் இல்லாததை வேறு சட்டங்களில் தேடலாம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம்தான் நல்ல இடம். பள்ளி நேரத்தில் போகும் சுற்றுலாவுக்குப் பள்ளி 'நன்கொடை' கேட்கலாம். கட்டவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இரவு தங்கும் சுற்றுலாவுக்கு 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் 457ஆம் பிரிவு இருக்கிறது. மேலே சொன்ன 1999 சட்டத்தின்கீழ் உதவி பெறும் குடும்பத்திடம், பள்ளி நேரத்திலோ பாடத்திட்டத்தின் பகுதியாகவோ நடக்கும் சுற்றுலாவுக்குத் தங்குமிடச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வாங்கக் கூடாது. பல பெற்றோர் இது தெரியாமல், காசில்லையே என்று கூச்சப்பட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் கட்டணத் தள்ளுபடிக் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் விடுமுறைக் காலம். ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் உள்ளூர் கவுன்சில்கள் 'எச்.ஏ.எஃப்.' என்ற பெயரில் இலவச விளையாட்டு முகாம்கள் நடத்துகின்றன. சாப்பாடும் உண்டு. 2021 முதல் இங்கிலாந்து முழுக்க நடக்கிறது. வருமானம் குறைவு என்ற காரணத்தால் இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கானது இது, தஞ்ச உதவி பெறும் குடும்பங்களும் அந்தத் தகுதிக்குள் வருகின்றன. இங்கே ஒரு சிக்கல். சின்ன வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்குமே சாப்பாடு இலவசம், லண்டனில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுக்கவே அப்படித்தான். அதனால் பலர் தனியாக விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பிக்காவிட்டால் இந்த முகாமுக்கான பட்டியலில் பெயர் வராமல் போகலாம். சாப்பாடு ஏற்கெனவே கிடைத்தாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு? பொது நூலகத்தில் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்று கேட்டால் ஹோம் ஆபிஸ், அதாவது பிரிட்டனின் உள்துறை அமைச்சகம், அனுப்பிய கடிதத்தைக் காட்டிப் பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியம் போன்ற தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாத தன்னார்வப் பணி செய்ய, வேலை அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் கவுன்சிலின் சலுகை அட்டை இருக்கிறதா, தஞ்சம் கோரியவர்களுக்கு அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறும்.

பள்ளி அலுவலகத்துக்கோ கவுன்சிலுக்கோ போகும்போது, தஞ்சம் கோரியவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டையான ஏ.ஆர்.சி.யோடு, உதவி வழங்கப்படுவதாக ஹோம் ஆபிஸ் அனுப்பிய கடிதத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "செக்‌ஷன் 457" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், சுற்றுலாச் செலவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று புரியவைக்க அது உதவும்.